வலது பக்கத்துப் பிரேக்

மலையைக் கடக்க வேண்டிய நாள் வந்தால் அஸ்லாக் மனிதர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டுக் காரோடு பேச ஆரம்பித்துவிடுவார். அன்று காலையும் அதுதான் நடந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அவர் மனைவி குன்வோர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்து விளக்கின் கீழே, முழங்கால் அளவுப் பனியில் நின்றுகொண்டு, டயர் டயராகக் குனிந்து, பனியில் வழுக்காமலிருக்க அதில் பதித்திருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார். கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு பூசினார். கண்ணாடி கழுவும் தண்ணீரில் உறையாமலிருப்பதற்கான மருந்து சேர்ந்திருக்கிறதா என்று விரலில் தொட்டு மோந்து பார்த்தார். இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த மின்கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, "என் ராஜா, தூங்கினியா நல்லா?" என்று பானட்டைத் தட்டிக்கொடுத்தார்.

பானட்டுக்குக் கிடைத்த கொஞ்சல் தனக்குக் கிடைக்கவில்லையே என்று குன்வோர் வருத்தப்படவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வருத்தமெல்லாம் முதல் சில குளிர்காலத்திலேயே தீர்ந்துபோனது.

அவளுக்கு அன்று வேறு கவலை. மலைக்கு மேற்கே, கடல் மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்திருக்கும் கரையில், அவள் தங்கை சிக்னேவுக்கு அன்று மாலை கல்யாணம். சிக்னேவுக்கு வயது ஐம்பத்தாறு, முதல் கல்யாணம். மாப்பிள்ளை நில்ஸ் ஆப்பிள் தோட்டக்காரர். கோடையில் கல்யாணம் வைக்கலாமே என்று எல்லோரும் சொன்னதற்கு, "கோடையில எனக்கு ஏது நேரம், காயெல்லாம் யார் பார்க்கறது?" என்று சொல்லிவிட்டார். அதனால் பிப்ரவரி. குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் கல்யாணத்தன்று கிரீடமாக வைத்துக்கொண்ட வெள்ளி மணமுடி குன்வோர் வீட்டில் இருந்தது. மணப்பெண்ணின் பக்கத்தில் சாட்சியாக நிற்க வேண்டியவளும் அவள்தான். விடியும்முன்பே சிக்னே போன் செய்துவிட்டாள்.

"அக்கா, ரேடியோவுல மேல புயல்னு சொல்றான். நீ வரலேன்னா நான் சர்ச்சுக்குள்ள காலை வெக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"வருவேன்டீ. பறந்தாவது வருவேன்."

"பறக்க வேணாம். உன் வீட்டுக்காரர் ஓட்டினாப் போதும்" என்று சிக்னே சிரித்தாள். குன்வோருக்கு அந்தச் சிரிப்பு ரசிக்கவில்லை.

அஸ்லாக் அந்தப் பள்ளத்தாக்குக்கே டிரைவிங் வாத்தியார். அங்கே ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். ஓய்வு பெற்றபோது பயிற்சிக் காரையே சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நாட்டில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். வாத்தியார் உட்காரும் வலது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் கார் அது. "கழட்டணும், கழட்டணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழற்றவில்லை. ஆகவே குன்வோர் ஓட்டும்போது அந்தக் கார் தானாகவே நிற்கும். முக்குத் திரும்பினால் நிற்கும், மாடு தெரிந்தால் நிற்கும், மாடு தெரியாவிட்டாலும் நிற்கும். பேய் மிதிக்கிறதோ என்று பார்த்தால், பேய் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்.

அதனால் அவள் அந்தக் காரைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தன்னுடைய சின்னக் காரில், பல் ஆஸ்பத்திரி வேலைக்கு, பனியோ மழையோ தினமும் தானே ஓட்டிப் போவாள். ஒரு நாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அஸ்லாக் கூட இருந்தால் சாவி அவர் கைக்குப் போய்விடும். மலைச்சாலையில் அவள் ஒரு குளிர்காலத்தில்கூட ஓட்டியதில்லை. கேட்டால், "அந்தப் பள்ளத்தை மறந்துட்டியா?" என்பார். மறக்க அவர் விட்டால்தானே. கல்யாணமான புதிதில், சர்ச் வளைவில், அவள் ஓட்டிய அன்றைய பயிற்சிக் கார் பனிக்கட்டியில் வழுக்கிப் பம்பரமாகச் சுற்றிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அந்தக் கதையை அஸ்லாக் வகுப்புக்கு வகுப்பு சொல்லி, பள்ளத்தாக்கு முழுக்க அவள் பெயரைப் பரப்பியிருந்தார்.

கல்யாணத்துக்கு நேரே போய் இறங்கவேண்டும் என்று அஸ்லாக் வீட்டிலேயே ஊர் வழக்கப்படி முழு அலங்காரத்தையும் முடித்துவிட்டார். முழங்கால் வரைக் கால்சட்டை, வெள்ளிப் பொத்தான் வைத்த மேல்சட்டை, கம்பளிக் காலுறை, வெள்ளிக் கொக்கி மின்னும் மெல்லிய கறுப்புச் செருப்பு. மாப்பிள்ளையே அவ்வளவு ஜோராக வரமாட்டார். குன்வோரின் சடங்கு உடையோ உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கம்பளி உள்ளாடைக்கு மேலே பனிக்கான முழு அங்கி, அதற்குக் கீழே தடித்த பூட்ஸ் என்று பனிச்சறுக்குக்குக் கிளம்பியவளைப் போல நின்றாள்.

"இந்தச் செருப்போடயா மலையேறப் போற?" என்றாள்.

"கார்தான் மலையேறுது. நான் உக்காந்திருப்பேன்."

"உன் பூட்ஸையும் பெரிய கோட்டையும் நீலப் பையில வெச்சிருக்கேன். வழியில போட்டுக்கோ. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார் அஸ்லாக், செருப்புக் கொக்கியின் மேல் மூச்சை ஊதித் துடைத்தபடி. அவர் காதில் எதுவும் விழவில்லை என்பது அவர் தலையாட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

மலைப்பாதையை மறிக்கும் தடுப்புக் கட்டை வரைக்கும் அஸ்லாக் ஓட்டினார். வழி நெடுகிலும் பாடம் நடந்தது. பின்சீட்டில் பெட்டிக்குள் இருந்த மணமுடியில் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள் தொங்கும். ஒவ்வொரு வளைவிலும் அது கிலுகிலு என்றது.

"முடி சிணுங்குது" என்றாள் குன்வோர்.

"ரோடு சரியில்ல."

"நான் ஓட்டறப்ப மட்டும் ரோடு எப்பவுமே சரியா இருக்கும், இல்ல?"

அஸ்லாக் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

தடுப்புக் கட்டையில் வண்டிகள் வரிசையாக நின்றன. காற்று பனியைத் தரையோடு தரையாக ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த நாட்களில் மலைமேல் யாரும் தன்னிஷ்டத்துக்குப் போக முடியாது. முன்னால் பனியை வாரி ஒதுக்கும் பனிவாரி லாரி, பின்னால் இன்னொன்று, நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் என்றுதான் கூட்டிக்கொண்டு போவார்கள். கட்டையைத் தாண்டிப் போகத் தகுதி இருக்கிறதா என்று ஒவ்வொரு காராக வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு அதுதான் கடைசி வரிசை. பிறகு பாதையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தெற்கே சுற்றிப் போனால் சிக்னேவின் கல்யாணத்துக்கு இல்லை, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம்.

கண்ணாடியைத் தட்டியவள் தடுப்புக் கட்டையில் வேலை பார்க்கும் ராண்டி. மஞ்சள் அங்கிக்குள்ளிருந்து சிவந்த மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே பார்த்ததும் அந்த மூக்கு மலர்ந்தது.

"அட, வாத்தியாரே! நீங்களா! என்னைப் பார்த்து, 'உனக்கு ஸ்டியரிங் எதுக்கு, கரண்டி பிடி'ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது உன்னை ஊக்கப்படுத்தச் சொன்னதும்மா" என்றார் அஸ்லாக், அசடு வழிந்தபடி.

"டாங்க் ஃபுல்லா?"

"ஃபுல்லு. புது பேட்டரி. ஆணி டயர். இழுவைக் கயிறு, டார்ச், மெழுகுவர்த்தி, தூங்குற பை, மண்வெட்டி ரெண்டு." ரெண்டு என்னும்போது அவர் குரலில் பெருமை வழிந்தது. "நீ டிக்கியைத் திறந்து பாரேன்!"

ராண்டி டிக்கியைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் வெள்ளிக் கொக்கிகள் பளீரென்றன.

"இது என்ன வாத்தியாரே?"

"செருப்பு."

"டான்ஸுக்கா?"

"பூட்ஸ் இருக்கும்மா, பின்னால நீலப் பையில" என்று குன்வோர் சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அஸ்லாக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீலப் பையா?" என்றார் மெதுவாக. "அது உன் சாமான்னு நெனச்சேன். எப்பவும் மூட்டை மூட்டையா அடுக்குவியே, அப்படி ஏதோன்னு. வீட்டு வாசல்லயே எடுத்து வெச்சிட்டேன்."

"ஏன்?"

"ரெண்டாவது மண்வெட்டிக்கு இடம் பத்தல."

குன்வோருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. சிக்னே கண்ணாடிமுன் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பாள். மணமுடி வரும், அக்கா வருவாள் என்று இருப்பாள்.

"அப்ப மண்வெட்டியைக் காலுல மாட்டிக்கிறீங்களா?" என்று ராண்டி கேட்டாள். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "சும்மா கிண்டலுக்குச் சொல்லல வாத்தியாரே. மேல வண்டி நின்னு போச்சுன்னா, ஓட்டுறவர் இறங்கணும், வாரணும், தேவைப்பட்டா எங்க ஆள் பின்னாடி நடக்கணும். கோட்டு இல்லாம, இந்தச் செருப்போட உங்களை ஓட்ட விட முடியாது. முதல் நாள் வகுப்புல நீங்க என்ன சொன்னீங்க? 'முதல்ல உன்னைப் பாரு, அப்புறம் காரைப் பாரு.' எழுதி வாங்கினீங்களே எங்ககிட்ட."

"கட்டைப் பக்கத்துல இருக்கிற உன் குடிசையில பூட்ஸ் எதுவும்..."

"என்னுதுதான் இருக்கு. உங்க கட்டைவிரலுக்கு வேணா பத்தும்."

அஸ்லாக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். குன்வோர் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அவருடைய கார் அந்த வரிசையிலேயே தயாரான கார். தயாராகாத ஒரே சாமான் அதன் டிரைவர்தான்.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

ராண்டி குனிந்து அவளைப் பார்த்தாள். அங்கி, பூட்ஸ், கம்பளித் தொப்பி எல்லாம் சரியாக இருந்தன. திடீரென்று அவள் கண் விரிந்தது. "நீங்கதானே அந்தப் பள்ளத்துல விட்டவங்க?"

"விட்டது நான்தான். மிதிச்சது யாருன்னு வாத்தியார் சொன்னாரா?"

"இல்லையே!"

அஸ்லாக் வானத்தைப் பார்த்தார். வானம் என்று ஒன்று அங்கே இல்லை, வெள்ளையாக ஏதோ பறந்துகொண்டிருந்தது, அதைத்தான் பார்த்தார்.

"சாவி வண்டியிலதான் இருக்கு" என்றார் கடைசியில். இறங்கி, செருப்புக்குள் பனி புகாமல் கோழி நடப்பதைப் போலக் கால் தூக்கித் தூக்கி வைத்து, சுற்றிக்கொண்டு போய், குன்வோர் காலிசெய்த வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அது அவருக்குப் பழகிய இடம்தான். வாழ்நாளில் பாதியை அங்கேதான் கழித்திருந்தார். அவர் பாதம் தானாகவே முன்னால் போய் அந்தப் பக்கத்துப் பிரேக்கைத் தேடியதைக் குன்வோர் பார்த்துவிட்டாள். பனிக்கு அவள் பயப்படவில்லை. புயலுக்கும் பெரிதாகப் பயமில்லை. அந்தப் பாதத்துக்குத்தான் பயம்.

நல்லவேளையாக ராண்டி டிக்கியிலிருந்து தூங்கும் பையை எடுத்து வந்தாள். "வாத்தியாரே, ரெண்டு காலையும் இதுக்குள்ள விடுங்க. ம், இன்னும் உள்ளே." கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா மூட்டையா தூக்கிட்டுப் போயிடலாம். ஜிப்பைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ராண்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாமா என்று இருந்தது குன்வோருக்கு.

கட்டை மேலே போனது. எல்லா வண்டிகளிலும் அபாய விளக்குகள் சிமிட்ட, வரிசை ஊர ஆரம்பித்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு ரொட்டி வேன். குன்வோர் அதன் சிவப்பு விளக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தபடி ஓட்டினாள். இரண்டு பக்கமும் பாதையின் ஓரத்தைக் காட்ட நட்டிருந்த கம்புகள் ஒவ்வொன்றாக வந்து வந்து மறைந்தன.

"ரெண்டாவது கியர்" என்றார் மூட்டை.

"ரெண்டாவதுலதான் இருக்கு."

"இடைவெளி..."

"அஸ்லாக், வாயையும் ஜிப்புக்குள்ள போட்டுக்கோ."

மூட்டை பெட்டிப் பாம்பாக அடங்கியது.

உச்சியில் வரிசை நின்றுவிட்டது. முன்னால் பனிவாரிக்கு என்னவோ தடங்கல். காற்று காரைப் பிடித்து ஆட்டியது. ரொட்டி வேனின் விளக்கு ஒரு சமயம் தெரிந்தது, ஒரு சமயம் தெரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குன்வோர் காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரல் அளவு கீழே இறக்கினாள்.

"எதுக்கு? குளிருது" என்றார் அஸ்லாக். பிறகு தானே, "ஆமா, புகைக்குழாயை பனி மூடிட்டா புகை உள்ள வந்துடும்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "நானா இருந்தா மறந்திருப்பேன்" என்றார்.

குன்வோர் தன் காதையே நம்பாமல் திரும்பினாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள். அதை வாங்க அவர் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிக் கையை வெளியே எடுத்தார். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைப் பாதிப் பாதியாகத் தின்றார்கள்.

"சிக்னே இப்ப என்ன பண்ணுவா?" என்று கேட்டார்.

"ஜன்னலைப் பார்த்துட்டு நிப்பா. அவ அழுதா மூக்கு வீங்கிடும், போட்டோவுல நல்லா இருக்காது."

"அழ மாட்டா. நீ கொண்டுபோய்ச் சேர்த்துடுவ."

அவர் குரலில் கிண்டல் இல்லை.

வரிசை மறுபடி நகர்ந்தது. இனி இறக்கம். காற்று துடைத்துவிட்ட இடங்களில் பாதை வெறும் கண்ணாடியாக இருந்தது. ஒரு வளைவில் ரொட்டி வேனின் பின்பக்கம் திடீரென ஒதுங்கி ஆடியது, அதன் பிரேக் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பிரேக்கை ஓங்கி மிதி என்று உடம்பு முழுக்கக் கத்தியது. குன்வோர் மிதிக்கவில்லை. காலைத் தூக்கினாள். கார் தன்பாட்டுக்கு ஓரக் கம்புகளை நோக்கி வழுக்கியது. பின்சீட்டில் மணமுடி ஒரே ஒரு முறை கிலீர் என்றது. அவள் ஸ்டியரிங்கை உலுக்காமல், போகவேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மெல்லத் திருப்பிப் பிடித்தாள். டயர் ஆணிகள் எதையோ கவ்வின. கார் நிமிர்ந்து தடத்துக்கு வந்தது. வேனும் நிமிர்ந்தது. ஒன்றுமே நடக்காததைப் போல வரிசை ஊர்ந்தது.

இவருக்கு மட்டும் கால் வெளியே இருந்திருந்தால் இந்நேரம் கம்புக்கு அந்தப் பக்கம் கிடந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். ராண்டியையும், ஜிப்பைக் கண்டுபிடித்தவனையும் மனதார வாழ்த்தினாள். அஸ்லாக் மூச்சுக்கூட விடவில்லை.

மேற்குத் தடுப்பைத் தாண்டியதும் காற்று அடங்கிவிட்டது. கீழே கடல் கறுப்பாகத் தெரிந்தது, அதன் ஓரத்தில் நில்ஸின் மொட்டை ஆப்பிள் மரங்கள். நேரம் தாராளமாக இருந்தது. குன்வோர் ஓரமாக நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து கணவரின் கதவைத் திறந்தாள்.

"இறங்கு மூட்டை. ஜிப்பை அவுத்து விடறேன்."

அவுக்க ஒன்றும் இல்லை. பை முழுக்கத் திறந்து, சுருண்டு, சீட்டின் அடியில் கிடந்தது. அஸ்லாக்கின் இரண்டு கால்களும் வெளியே இருந்தன. வெள்ளிக் கொக்கிச் செருப்புகள் பிரேக்கின் பக்கமே இல்லை. இரண்டையும் பின்னுக்கு இழுத்து, கணுக்காலைப் பின்னி, சீட்டோடு ஒட்ட வைத்து, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனாக உட்கார்ந்திருந்தார். அவர் வலது கையில் கதவின் கைப்பிடி இருந்தது. கைப்பிடி கதவில் இல்லை.

"இது எப்படி வந்துச்சு?"

"பிடிச்சேன். வந்துடுச்சு."

"காலை எப்ப வெளிய எடுத்த?"

"காபி குடிச்சப்பவே. உள்ள வெந்து போச்சு."

அப்படியென்றால் அந்த வளைவில், கார் வழுக்கியபோது, அந்தக் கால்கள் சும்மாதான் இருந்திருக்கின்றன. பிரேக் ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. குன்வோர் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"மிதிக்கல" என்றாள்.

"மிதிக்கல" என்றார் அஸ்லாக். கையிலிருந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிதிச்சிருந்தா பள்ளத்துக்குத்தான் போயிருப்போம். அன்னைக்கு மாதிரி."

முப்பது வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை அது. வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், பனியில் நின்றபடியே அவர் தொப்பியை நேராக்கினாள், மேல்சட்டையின் வெள்ளிப் பொத்தானைத் துடைத்தாள்.

"ஊருக்குப் போனதும் இந்தப் பக்கத்துப் பிரேக்கைக் கழட்டிடறேன்" என்றார் அவர். "சத்தியமா."

"கழட்டாதே" என்றாள் குன்வோர்.

"ஏன்?"

"திரும்பி வரும்போது நீ ஓட்டு. நான் இங்க உக்காந்து ஆரஞ்சு உரிக்கிறேன்."